தேனிச் சந்தை கூடாத வாரம்

முதலில் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சுகாதார இன்ஸ்பெக்டர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு மருந்துப் பெட்டி கொடுத்திருப்பார்கள். கிணற்றில் எவ்வளவு மருந்து கரைக்க வேண்டும் என்று வகுப்பும் எடுத்திருப்பார்கள். எங்கே சாப்பிடுவது என்று மட்டும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வாந்திபேதி வரும்போது மட்டும் ஊருக்குள் வருகிற ஆளுக்கு எந்த வீட்டில் இலை போடுவார்கள்? தெருமுனையில் நான் தலை காட்டினால் கதவு சாத்துகிற சத்தம் வரிசையாகக் கேட்கும். எனக்குப் பெண் கொடுக்கவும் யாரும் முன்வரவில்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

நான் சொல்வது பெரியாற்று அணை வேலை நடந்துகொண்டிருந்த காலம். தேனியும் கம்பம் பள்ளத்தாக்கும் வருசநாட்டுப் பக்கமும் என் பொறுப்பு. போவதெல்லாம் நடைதான், வழியில் மாட்டுவண்டி கிடைத்தால் ஏறிக்கொள்வேன். மற்ற நாட்களில் மூன்று கல்லைக் கூட்டிக் கஞ்சி காய்ச்சிக் குடிப்பேன். சந்தை கூடுகிற நாளில்தான் சோறு. சந்தைக்குச் சந்தை சோற்றுக்கடை போடுகிற அந்தோணியம்மாள் என்று ஒருவர் இருந்தார். உத்தமபாளையத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிறிஸ்தவ ஊர்க்காரர், புருஷன் இல்லாதவர். சோளச்சோறும் கருவாட்டுக் குழம்பும் அவர் கைக்கு அப்படி அமையும். வரிசையாக எல்லோரையும் தரையில் உட்காரவைத்துத் தையல் இலை போடுவார். என்னையும் அந்த வரிசையிலேயே உட்காரவைத்த ஒரே ஆள் அவர்தான். பக்கத்தில் உட்கார்ந்தவன் நகர்ந்தால், "நகருறவுக எந்திரிச்சே போயிருங்க, இடமாச்சும் மிஞ்சும்" என்பார். வாரத்தில் என்னோடு நாலு வார்த்தை பேசுகிற மனுஷி அவர் ஒருவர்தான் என்பதால், அவர் கடை எந்தக் கிழமை எங்கே இருக்கும் என்பது எனக்கு மனப்பாடம்.

இப்படிச் சோற்றுக்காகச் சந்தைகளைத் தொடர்ந்து போனபோதுதான், ஊர்கள் உட்கார்ந்திருக்கிற விதம் எனக்குப் பிடிபட்டது. தேனியில் நின்று பாருங்கள். வடக்கே பெரியகுளம், மேற்கே போடி, கிழக்கே ஆண்டிபட்டி. மூன்றும் ஏறத்தாழ ஒரே தொலைவு. தெற்கே சின்னமனூர் கொஞ்சம் தள்ளியிருக்கிறது, ஆனால் அந்த வழியில் வீரபாண்டி இருக்கிறது. யாரும் அளந்து வைத்ததல்ல. பாரம் ஏற்றிய மாடு விடியலில் கிளம்பிச் சந்தைக்குப் போய், விற்று வாங்கி, விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு திரும்ப வேண்டும். அதைவிடத் தூரமாகச் சந்தை இருந்தால் யாரும் போக மாட்டார்கள், அதைவிடக் கிட்டத்தில் இருந்தால் இரண்டில் ஒன்று படுத்துவிடும். பத்துப் பதினைந்து சின்ன ஊர்களுக்கு ஒரு சந்தை ஊர். இப்படிப்பட்ட நாலைந்து சந்தை ஊர்களுக்கு நடுவில் ஒரு பெரிய சந்தை. பக்கத்துப் பக்கத்து ஊர்கள் ஒரே கிழமையைப் பிடிக்காது. அதனால் வியாபாரிகள் வாரம் முழுவதும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருப்பார்கள். கிழமைகளை நான் சொல்லப் போவதில்லை. அவை பிறகு மாறிவிட்டன, அதை வைத்து என்னோடு சண்டைக்கு வருவீர்கள்.

அந்த வருஷம் மாசி பிறக்கும் முன்பு வருசநாட்டில், கடமலைக்குண்டுக்கு அருகில் ஒரு ஊரில் வாந்திபேதி கண்டது. என் மேலதிகாரி ஒரு டாக்டர், கெட்டிக்காரர், கோபம் வந்தாலும் குரல் உயர்த்தாதவர். வரைபடத்தை விரித்து, நோய் கண்ட ஊரைச் சுற்றியிருந்த ஊர்களுக்கெல்லாம் ஆள் அனுப்பினார். ஊர்க்காரர்களும் அவர்கள் வழியில் காவல் காத்தார்கள். எல்லையில் வேப்பிலை கட்டி, அம்மனுக்குப் படைத்து, நோயை அடுத்த ஊர் எல்லைக்குத் தள்ளிவிட்டு வந்தார்கள். அடுத்த ஊர்க்காரர்கள் கம்போடு நின்று அதைத் திருப்பியனுப்பினார்கள். இரண்டு காவலுக்கும் நடுவில் இருந்த ஊர்களில் ஒன்றும் நடக்கவில்லை. எல்லோருக்கும் நிம்மதி.

அப்போது நான் ஆண்டிபட்டிச் சந்தையில் அந்தோணியம்மாள் கடையில் உட்கார்ந்திருந்தேன். வழக்கமாக எனக்கு எதிரில் உட்காருகிற வருசநாட்டுப் புளி வியாபாரி இல்லை. வாய்விட்டுச் சிரிக்கிற பெரிய உடம்புக்காரர், அவர் இல்லாதது வரிசையில் தெரிந்தது.

"புளிக்காரர் எங்கக்கா?" என்றேன்.

"கடமலைக்குண்டுச் சந்தைக்கு வந்தாகய்யா. நாந்தான் சோறு போட்டேன். பாதியில வயித்தப் பிடிச்சிக்கிட்டு எந்திரிச்சாக. நாந்தான் தண்ணி மோந்து குடுத்தேன். அங்கனயே படுத்துட்டாகன்னு இப்பச் சொல்றாக."

கையைக் கழுவிவிட்டு ஆண்டிபட்டித் தெருக்களில் இறங்கினேன். இரண்டு வீடுகளில் பேதி. இரண்டு வீட்டுக்காரர்களும் கடமலைக்குண்டுச் சந்தைக்குப் போய்வந்தவர்கள். நடுவில் இருந்த ஊர்களை நோய் தொடக்கூட இல்லை. அது எல்லை எல்லையாக நகரவில்லை. சந்தை கூடிய இடத்திலிருந்து அடுத்த சந்தை கூடும் இடத்துக்கு, புளி மூட்டையோடும் சோற்றுப் பானையோடும் வண்டியேறி வந்திருந்தது. அடுத்தது தேனிச் சந்தை. நாட்கள் அதிகம் இல்லை.

பெரியகுளத்தில் முகாம் போட்டிருந்த டாக்டரிடம் ஓடினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு வரைபடத்தில் விரலை வைத்தார்.

"தேனியில என்ன இருக்கு? நாலு தெரு. எங்கிட்ட இருக்கிற ஆளு கொஞ்சம். பெரிய ஊரைக் காப்பாத்தணும். போடியைக் காப்பாத்தணும், இந்தப் பெரியகுளத்தைக் காப்பாத்தணும். வீடு எங்க அதிகமோ அங்கதான் ஆளைப் போடுவேன்."

"ஐயா, தேனியில் தூங்குகிறவர்கள் கொஞ்சம்தான். சந்தையன்றைக்கு அங்கே நிற்கிறவர்களை எண்ணுங்கள். பெரியகுளமும் போடியும் அன்றைக்கு அங்கேதான் நிற்கும். சின்னமனூரும் தேவாரமும் அணை வேலைக்குச் சாமான் வாங்குகிறவர்களும் அங்கேதான் நிற்பார்கள். பொழுது சாய்ந்ததும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசைக்குப் போவார்கள். நீங்கள் எந்தப் பெரிய ஊரில் ஆள் போட்டாலும் நோய் அன்றைக்கு இருட்டுவதற்குள் உள்ளே போயிருக்கும்."

அவர் மறுபடியும் வரைபடத்தைப் பார்த்தார். அவரை மடையர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு ஊரை எண்ணச் சொன்னால் நாம் எல்லோரும் வீட்டைத்தான் எண்ணுவோம், ஜனத்தொகைக் கணக்கும் அப்படித்தான் எடுக்கிறார்கள். கடைசியில், "சந்தையை மூட எனக்கு உத்தரவு வர நாளாகும். ஊர் மணியக்காரர் சம்மதிச்சா மூடு. தப்பாப் போச்சுன்னா உன் தலைதான்," என்றார். உங்கள் மேலதிகாரியும் ஒருநாள் இப்படித்தான் சொல்வார். அதற்குமேல் அவரிடம் எதிர்பார்க்காதீர்கள்.

தேனி மணியக்காரர் வயதானவர், நறுக்கென்று பேசுகிறவர். கேட்டதும் எழுந்துவிட்டார்.

"என்ன தம்பி வெளையாடுறீகளா? ஒரு வாரம் நின்னுச்சுன்னா சந்தையை வேற ஊருக்காரன் தூக்கிட்டுப் போயிருவான். சந்தை போயிருச்சுன்னா இது ஊரா? வெறும் பொட்டக்காடு. எங்க பேரப்பிள்ளைக எங்கன பொழைக்கும்?"

அவர் பயம் நியாயமானது. சந்தை போனதால் ஊரே போன இடங்களை நானும் பார்த்திருக்கிறேன். நோயைப் பற்றிப் பேசி அவரை மடக்க எனக்குத் தோன்றவில்லை. ஊரைப் பற்றியே பேசினேன்.

"ஐயா, சந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். நாலு ரோடும் இங்கேதானே கூடுகிறது, ரோட்டைத் தூக்கிக்கொண்டு போவார்களா? அடுத்த வாரமே மாடுகள் தானாக இங்கே வந்து நிற்கும். ஆனால் தேனிச் சந்தையில்தான் பேதி ஒட்டியது என்று பேர் வந்தால், அப்போது பாதையையே மாற்றிவிடுவார்கள்."

மணியக்காரர் உட்கார்ந்தார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். "சரி, சந்தை வாசல்ல மறிப்போம்," என்றார்.

இங்கேதான் கவனமாகக் கேளுங்கள். வாசலில் மறிக்கக் கூடாது. விடியலிலிருந்து பாரத்தோடு வந்து, சந்தை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நிற்கிறவனைத் திரும்பிப் போ என்றால் போக மாட்டான். மறித்த இடத்திலேயே மூட்டையை அவிழ்ப்பான். பின்னால் வருகிறவனும் அவிழ்ப்பான். ஒரு சந்தைக்குப் பதிலாக நாலு ரோட்டிலும் நாலு சந்தை கூடும். மறிக்க வேண்டியது பாதி வழியில், மாடு முதல் தண்ணீர் குடிக்கிற இடத்தில். அங்கே இன்னும் வெயில் ஏறியிருக்காது. வீடு பின்னால் கிட்டத்தில் இருக்கும். முணுமுணுத்தாலும் திரும்ப மனம் வரும். எங்கே மறிக்கிறோம் என்பதில்தான் வேலை இருக்கிறது, எவ்வளவு பலமாக மறிக்கிறோம் என்பதில் இல்லை.

மணியக்காரர் அதற்கு மேல் ஒன்று சேர்த்தார். "சர்க்கார் சொல்லுதுன்னா ஏன்னு கேப்பாக. ஆத்தா ஊருக்குள்ள இருக்கான்னா கேக்க மாட்டாக." பூசாரியைக் கூப்பிட்டு அனுப்பினார். நாலு ரோட்டிலும் பாதி வழியில் குறுக்கே வேப்பிலைத் தோரணம் ஏறியது. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு தலையாரி, பேசாமல் கும்பிட்டபடி நின்றார். என் பையில் நான் எழுதி வைத்திருந்த அறிவிப்பு பையிலேயே இருந்தது.

சந்தை நாள் விடிந்தது. மைதானத்துக்குப் போனேன். ஒரு மாடு இல்லை, ஒரு மூட்டை இல்லை. முந்தின வாரத்து வைக்கோலும் உடைந்த சட்டிகளும் மட்டும் கிடந்தன. அவ்வளவு பெரிய இடம் அது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நடுவில் ஒரே ஒரு கீற்றுக் கொட்டகை. அதன் முன்னால் அடுப்புக் கற்களுக்குப் பக்கத்தில் அந்தோணியம்மாள் உட்கார்ந்திருந்தார். தண்ணீரும் விறகும் சேர்த்து வைக்க அவர் எப்போதும் முன்னதாகவே வந்துவிடுவார். ஆண்டிபட்டி ரோட்டில் தோரணம் ஏறுவதற்கு முன்பே வந்து சேர்ந்திருந்தார். எல்லாவற்றையும் யோசித்த எனக்கு இவரைப் பற்றி யோசிக்கத் தோன்றவில்லை.

"சந்தை இல்லையாம்ல," என்றார். "பரவால்லைய்யா. ஒருவகையில நல்லதுதான். சுருக்க வீட்டுக்குப் போயிருவேன். நாளைக் கழிச்சு மகளுக்குக் கல்யாணம்."

எனக்குத் தெரியும். ஆறு வாரமாக இலை போடும்போதெல்லாம் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார். கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாயிற்று. அவர்கள் சாமியார் என்று சொல்கிற பாதிரியார் அந்த ஊருக்குத் தனியாகக் கிடையாது. சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் ஒரே சாமியார், முறை வைத்து வருவார். அவர் வருகிற நாளில்தான் கல்யாணம். அது தவறினால் தவக்காலம் தொடங்கிவிடும், அந்த நாற்பது நாளும் கல்யாணம் நடத்த மாட்டார்கள், பிறகு பாஸ்கா என்கிற ஈஸ்டர் கழிந்துதான் மணமேடை. மாப்பிள்ளை வீட்டார் அதுவரை பொறுப்பார்களா என்பது அவர்களுக்கே தெரியாது.

நான் தலையைக் குனிந்ததைப் பார்த்து அவர் முகம் மாறியது. வருஷக்கணக்காக எனக்குச் சோறு போட்டவர், என் முகம் படிக்கத் தெரியாதா?

"புளிக்காரக போயிட்டாகளா?"

"ஆமாக்கா. நேற்றுத்தான் தகவல் வந்தது."

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். அந்தக் கையால்தான் புளிக்காரருக்குத் தண்ணீர் மோந்து கொடுத்திருந்தார். அவர் சாப்பிட்ட இலையை எடுத்திருந்தார்.

"எனக்கு ஒன்னும் இல்லய்யா. நல்லாத்தான் இருக்கேன்."

"நாலைந்து நாள் போனால்தான் சொல்ல முடியும்."

"கல்யாணத்துக்கு ஊரே சாப்பிட வரும். எங்க சனம் பூராவும் வரும். நாந்தான் ஆக்கணும்." அவரே சொல்லி அவரே நிறுத்தினார். கல்யாண வீடும் ஒரு சந்தைதான் என்பதை நான் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. பிறகு நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "நீங்க சொல்லுங்க. நான் போகலாமா, கூடாதா?"

அவரைத் தடுக்க எனக்கு அதிகாரம் எதுவும் இல்லை. தோரணமும் அவருக்குத் தடையில்லை, அவர் சாமி வேறு. போங்கள் என்றால் போயிருப்பார். அநேகமாக ஒன்றும் ஆகியிருக்காது. அந்த 'அநேகமாக' என்ற சொல் என் வாய்வரை வந்தது. அதைச் சொல்லிவிடத்தான் எனக்கு ஆசை. இந்தப் பள்ளத்தாக்கில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு இலை. இல்லை என்று சொன்னால் அது போய்விடும் என்று நின்ற இடத்திலேயே எனக்குத் தெரிந்தது.

"போகக் கூடாதுக்கா," என்றேன்.

அவர் "சரி" என்று சொல்லிவிட்டு அடுப்புக் கற்களைப் பிரித்துப் போட்டார். மணியக்காரர் ஒரு ஆளைப் பிடித்துத் தந்தார். அந்த ஆள் அந்தோணியம்மாள் ஊர் எல்லைக்கு வெளியே நின்று, அம்மா வரவில்லை, தாய்மாமன் கையால் நடக்கட்டும் என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வந்தார். அந்தோணியம்மாள் மைதானத்து நடுவில் கொட்டகைக்குள் இருந்தார். நான் ஓரத்தில் புளியமரத்தடியில் இருந்தேன். தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துப் பானையைப் பாதித் தூரத்தில் வைத்துவிட்டு வருவேன். நான் திரும்பிய பிறகு வந்து எடுத்துக்கொள்வார். ஒரு வார்த்தை கிடையாது.

கல்யாண நாளன்று காலையில் நிமிர்ந்து பார்த்தேன். மகள் கல்யாணத்துக்கு என்று ஆண்டிபட்டியில் எடுத்த சிவப்புக் கண்டாங்கிச் சேலையைக் கட்டிக்கொண்டு, தலை வாரி, பூ இல்லாத கொண்டையோடு, கொட்டகைக்கு வெளியே தென்மேற்கே பார்த்து முழந்தாளிட்டிருந்தார். அந்தத் திசையில்தான் அவர் ஊர். கோயில் மணி அவ்வளவு தூரம் கேட்காது. எப்போது தாலி கட்டியிருப்பார்கள் என்று அவராக ஒரு நேரத்தைக் கணக்கிட்டுக்கொண்டு சிலுவை போட்டார். பிறகு எழுந்து, காலியாகக் கிடந்த அந்தப் பெரிய மைதானத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். எனக்கு எழுந்து அவர் பக்கத்தில் போய் நிற்க வேண்டும் போலிருந்தது. போகவில்லை. போகக் கூடாது என்று சொன்னவனே நான்தான். அன்றைக்கு நானும் சாப்பிடவில்லை.

அவருக்கு ஒன்றும் வரவில்லை. சொன்ன நாட்கள் கழிந்தன, ஆரோக்கியமாக எழுந்து நின்றார். ஆண்டிபட்டியில் அந்த வீடுகளுக்கு அப்பால் நோய் போகவில்லை. தேனியில் ஒருவர் படுக்கவில்லை, போடியில் இல்லை, கம்பத்தில் இல்லை. நான் நிறுத்தியதால் நின்றதா, தானே நிற்க இருந்ததா? அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. ஊரில் என்ன பேசினார்கள் தெரியுமா? "வராத நோய்க்குச் சந்தையைக் கெடுத்தான்" என்றார்கள். டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் என்னைப் பாராட்டுவதென்றால் எதைக் காட்டிப் பாராட்டுவார்?

அந்தோணியம்மாள் பானைகளை அடுக்கித் தலையில் தூக்கிக்கொண்டு என் மரத்தடிக்கு வந்தார். நின்றார்.

"நீங்க நல்லது செஞ்சீகளோ கெட்டது செஞ்சீகளோ, எனக்குத் தெரியலைய்யா. சாமிக்குத்தான் தெரியும். எனக்கு ஒன்னும் ஆகல. எம்மகளும் நல்லாருக்கா. ஆனா உங்க மூஞ்சியப் பாத்தா எனக்கு அந்த நாளுதான் தெரியும். இனிமே என் கடையில உக்காராதீக."

"சரிக்கா," என்றேன். வேறு என்ன சொல்வது? அவர் சின்னமனூர் ரோட்டில் நடந்து மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அந்தப் பள்ளத்தாக்கில் வேலை பார்த்த காலம் முழுவதும் சந்தை நாளிலும் நான் கஞ்சிதான் காய்ச்சினேன். அவர் கடையைத் தாண்டிப் போகும்போது கருவாட்டுக் குழம்பு மணக்கும். வேகமாகத் தாண்டிவிடுவேன்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஊரை எண்ணும்போது வீட்டை எண்ணாதீர்கள், அங்கே வந்துபோகிற காலை எண்ணுங்கள். ஒருவரைத் தடுப்பதென்றால் அவருக்குத் திரும்ப மனம் வருகிற இடத்தில் தடுங்கள். மூன்றாவதாக, நோய் வந்தால் நமக்கு ஏச்சு கிடைக்கும், வராவிட்டாலும் ஏச்சுதான் கிடைக்கும். வராமல் போனதற்குச் சாட்சி கிடையாது. அதைத் தாங்க முடியாதவர்கள் இப்போதே வேறு இலாகாவுக்கு எழுதிப் போட்டுவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஓய்வு பெற்றபின் நான் தேனியிலேயே ஒரு அறை எடுத்துத் தங்கிவிட்டேன். மணியக்காரர் பயந்தபடி சந்தை எங்கேயும் போய்விடவில்லை. அடுத்த வாரமே நாலு ரோடும் ஆட்களைக் கொண்டுவந்து கொட்டின. நாலு தெருவாக இருந்த ஊர் இப்போது எங்கே முடிகிறது என்று எனக்கே தெரிவதில்லை. மோட்டார் பஸ் வந்தபிறகு கூட்டம் இரண்டு பங்காகிவிட்டது. எனக்கு வாங்குவதற்கு ஒன்றும் கிடையாது, ஒற்றை ஆளுக்கு எவ்வளவு வேண்டும்? ஆனாலும் சந்தை நாளில் தவறாமல் போவேன். மைதானத்தின் நடுவில், அந்தக் கொட்டகை இருந்ததாக எனக்கு ஞாபகம் இருக்கிற இடத்தில், போய் நிற்பேன்.

போன வாரம் ஒரு பெண் தலையில் கூடையோடு பின்னாலிருந்து வந்து என் முதுகில் இடித்தாள். "ஏன் பெருசு, ஆளு போக எடமில்லாமக் கெடக்கு, நட்ட நடுவுல நிக்கிறீக? ஓரமாப் போங்க," என்றாள்.

ஓரமாகப் போனேன்.